நிற்கிற வாகனம் குடிக்காது

மன்னார்த் தீவு நோயாளர் நலன்புரிச் சங்கத்தில் ஒரு வான் வண்டியும் ஒரு சாரதியும் பதினேழு நிர்வாகசபை உறுப்பினர்களும் இருந்தார்கள். வானை லண்டன் கிளை வாங்கி அனுப்பியது. சாரதியைச் சங்கம் சம்பளத்துக்கு வைத்தது. பதினேழு பேரும் கேட்காமலே வந்தார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் அந்த வான் விடியப்புறம் தலைமன்னாரில் புறப்படும். வழியில் பேசாலையிலும் தாராபுரத்திலும் சிறுநீரகம் பழுதானவர்களை ஏற்றிக்கொண்டு, இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்குப் போய், பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து அவரவர் வீட்டுப் படலையில் இறக்கும். மற்ற ஐந்து நாட்களும் தலைவர் யாகப்பரின் கௌரவத்தைச் சுமக்கும். இரண்டில் பாரம் கூடியது எதுவென்று வானைத்தான் கேட்கவேண்டும்.

யாகப்பர் ஓய்வுநிலை உதவிப் பணிப்பாளர்; அகில இலங்கை சமாதான நீதவான்; தேசகீர்த்தி; சாமஸ்ரீ. எந்தத் திணைக்களத்தில் உதவிப் பணிப்பாளராக இருந்தார் என்பது ஊருக்கு மறந்துவிட்டது. உதவிப் பணிப்பாளராக இருந்தது அவருக்கு மறக்கவில்லை. சொந்தமாகக் கார் இருந்தும் விழாக்களுக்குச் சங்கத்தின் வானில்தான் போவார். காரில் பெயர் எழுதியிருக்காது. வானின் இரண்டு பக்கமும் சங்கத்தின் பெயரும், அதற்குக் கீழே அதைவிட ஒரு விரல் பெரிய எழுத்தில் ஸ்தாபகத் தலைவரின் பெயரும் எழுதியிருந்தது.

வானுக்குள்ளே, நோயாளர் இருக்கைகளுக்கு நேர்மேலே, ஓர் அறிவித்தலும் ஒட்டியிருந்தது. எரிபொருள் சிக்கனம் கருதி நோயாளர் பயணத்தின்போது குளிரூட்டி இயக்கப்படமாட்டாது, ஒப்பம், தலைவர். தலைவர் பயணத்தைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவர் விழாவுக்குக் கோட் போடுகிறவர். கோட் போட்டவர் மன்னார் வெயிலில் வியர்க்காமல் வந்திறங்க வேண்டுமென்றால் ஏசி வேண்டும். விழா முடிந்து வியர்க்காமல் வீடு போகவேண்டுமென்றால், அவர் உள்ளே பேசிக்கொண்டிருக்கும் மூன்று மணித்தியாலமும் வான் வெளியில் ஏசி போட்டபடி காத்துக்கொண்டு நிற்கவேண்டும். அது அவருடைய நிலையான கட்டளை.

சிக்கல் டீசலில் வந்தது. வானுக்கு ரன்னிங் சாட் என்று ஒரு நீளக் கொப்பி உண்டு. எங்கே புறப்பட்டது, எங்கே போனது, எத்தனை கிலோமீற்றர், எவ்வளவு டீசல் என்று சாரதி எழுத, தலைவர் கையொப்பம் வைப்பார். ஓகஸ்ட் மாதம் வந்த கணக்காய்வாளர் ஒருவர் கொப்பியைப் புரட்டிவிட்டு, ஓடிய தூரத்துக்கு இவ்வளவு டீசல் போகாதே என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டுப் போனார். லண்டன் கிளை அந்த வரியைப் பிடித்துக்கொண்டது.

டீசல் எங்கே போனது என்ற கேள்விக்கு நிர்வாகசபை தேத்தண்ணீர் வருவதற்கு முன்னமே விடை கண்டது. பதினேழு கனவான்கள் கூடியிருக்கிற இடத்தில் கள்ளன் பதினெட்டாவது ஆளாகத்தான் இருக்கமுடியும். சாரதி சனூனைக் கூப்பிட்டார்கள். செப்டெம்பர் பொதுக்கூட்டத்தில் இறுதி முடிவு எடுக்கப்படும், அதுவரை இடைநிறுத்தம், வானின் திறப்பைத் தாரும் என்றார்கள்.

சனூன் தாராபுரத்துக்காரர். ஆறு வருடமாக அந்த வானை ஓட்டியவர். திறப்பைக் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு விடயம் சொன்னார். விழாக்களில் வான் மணிக்கணக்கில் ஏசி போட்டபடி நிற்கிறது, டீசல் அதில்தான் போகிறது என்று.

யாகப்பர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"நிற்கிற வாகனம் குடிக்காது, சனூன். ஓடுற வாகனந்தான் குடிக்கும்."

பதினேழு தலைகளும் ஆடின. அவற்றில் ஐந்தாறு, சொந்தமாக வாகனம் வைத்திருக்கிற தலைகள். தலைவர் தொழில்நுட்ப விளக்கம் அளித்தார் என்று கூட்டறிக்கையில் பதிவாகியது. ரன்னிங் சாட்டில் ஓடிய தூரம் எழுத இடம் இருந்தது. நின்ற நேரம் எழுத இடம் இருக்கவில்லை. கொப்பியில் இடமில்லாத ஒன்று எப்படி டீசல் குடிக்கும்?

வேலை போனால் வேறு வேலை தேடலாம். சனூனை அரித்தது அது அல்ல. சாரதி ஒருவரின் மூலதனம் எல்லாம், பிறர் தங்கள் திறப்பை அவர் கையில் நம்பித் தருவதுதான். டீசல் களவெடுத்தவன் என்ற பெயர் பொதுக்கூட்ட அறிக்கையில் ஏறிவிட்டால், தீவில் ஒருவர் அவரிடம் ஒரு தள்ளுவண்டியைக்கூடத் தரமாட்டார். பள்ளிவாசலில் சலாம் சொல்கிறவர்கள் சொல்லிவிட்டு ஒரு கணம் கூடுதலாக முகத்தைப் பார்ப்பதாக அவருக்கு இப்போதே பட்டது.

அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் இருந்தால் வலது கால் தானாக நிலத்தை அழுத்தியது. இல்லாத பிரேக்கை மிதித்தது. எழும்பி முற்றத்தில் நடந்தார். திரும்பி வந்து இருந்தார். கால் மறுபடி மிதித்தது. அந்தக் காலை மடக்கி வையுங்கோ, சீமெந்து தேயுது என்று மனைவி றஹீமா சொன்னாள். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வான் நிற்கிற இடத்தைத் தேடிப் போவார். தேடுவது கஷ்டமல்ல. ஏசி போட்டபடி நிற்கும் வானின் அடியில் தண்ணீர் சொட்டும். மன்னாரில் சொந்தக்காரர் இல்லாத கழுதைகள் நிறைய. செப்டெம்பரில் அவற்றுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. விழா நடக்கும் மண்டபத்துக்கு வெளியே நான்கு கழுதைகள் குனிந்தபடி நின்றால், நடுவில் வான் நிற்கிறது என்று அர்த்தம். டீசல் எங்கே போகிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்தவை அவைதான். அவற்றை யாரும் நிர்வாகசபைக்கு எடுக்கவில்லை.

இந்த நேரத்தில் யாகப்பருக்கு விஞ்ஞானத்தில் பிடிப்பு வந்தது.

கனடாவில் இருக்கும் நண்பர் ஒருவர் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி அனுப்பியிருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் செருகினால் இயந்திரத்தின் தரவுகளைக் கம்பியில்லாமல் அனுப்புமாம். யாகப்பர் அதை உள்ளங்கையில் வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் 'கம்பியில்லா வாகனக் கண்காணிப்புத் திட்டம், கட்டம் 1' உருவாகியது. கட்டம் 2 என்று ஒன்று இருக்கவில்லை. ஆனால் 1 போடாவிட்டால் அது திட்டமாகத் தெரியாது. சாரதிகள் இனி ஏமாற்ற முடியாது என்பதைப் பொதுக்கூட்டத்தில், பிரதம விருந்தினர் முன்னிலையில், பெரிய திரையில் காட்டிவிட்டு, அதன் பிறகு சனூனை நீக்குவது என்பது அவருடைய ஒழுங்கு. தண்டனைக்கு முன் ஒரு கண்காட்சி.

கருவியைப் பேசவைக்கிற வேலை கிருசாந்தினியிடம் வந்தது. அவள் சங்கத்தின் செயலாளர். நகரத்தில் ஒரு நிலையத்தில் கணினி படிப்பிக்கிறவள். நிர்வாகசபையில் ஐம்பதுக்குக் கீழே இருந்த ஒரே ஆள் என்பதால், பிளக் குத்தித் தொடங்குகிற வேலை எல்லாம் அவளுடையது. அவள் இரண்டு இரவு இணையத்தில் தேடி, இதற்கென்றே யாரோ புண்ணியவான்கள் எழுதி இலவசமாகப் போட்டுவைத்த ஒரு நிரல் லைப்ரரியைக் கண்டுபிடித்தாள். அதை லப்டொப்பில் இறக்கினால், இயந்திரத்தின் மொழி தெரியாதவரும் பத்துவரி நிரல் எழுதி அதனோடு பேசலாம். சுற்று எவ்வளவு என்று கேட்டால் சுற்று வரும். வேகம் எவ்வளவு என்றால் வேகம் வரும். இதைத் தலைவருக்கு விளங்கப்படுத்தினாள். அவருக்கு ஒரு சொல் விளங்கியது. அழைப்பிதழ் அச்சாகி வந்தபோது, திட்ட அங்குரார்ப்பணத்துக்குக் கீழே 'நூலகத் திறப்பு' என்று இருந்தது. அவள் பதறிப்போய்ச் சொன்னபோது, அச்சடித்தாயிற்று பிள்ளை, நூலகம் கெட்ட விடயமில்லைத்தானே என்றார்.

கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்னர், தலைவர் வீட்டுப் படலைக்கு வெளியே நின்ற வானில், முன் இருக்கையில் லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு கிருசாந்தினி இருந்தாள். கருவி செருகியிருந்தது. புளூடூத் அதைக் கண்டது. இரகசிய எண் கேட்டது. ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று அடித்தாள், ஏற்றுக்கொண்டது. நிரலை ஓட்டினாள். இணைப்பு இல்லை. மறுபடி ஓட்டினாள். இணைப்பு இல்லை. காற்று மணலை அள்ளிக் கண்ணாடியில் வீசியது. தலைவர் தருவதாகச் சொன்ன தேத்தண்ணீரும் வரவில்லை, இணைப்பும் வரவில்லை.

யன்னலில் நிழல் விழுந்தது. சனூன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். வானைத் தொடக்கூடாது என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். அதனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"திறப்பை ஒரு பல்லு முன்னுக்குத் திருப்புங்கோ டீச்சர். கறண்ட் போகாமல் அது என்னெண்டு பேசும்?"

திருப்பினாள். இணைந்தது. அந்த லைப்ரரி இணைந்தவுடன் முதலில் இயந்திரத்தைப் பார்த்து, எந்தெந்தக் கேள்விக்கு உனக்குப் பதில் தெரியும் என்று கேட்கும். இந்த வானுக்குத் தெரிந்தவை ஐந்து. சுற்று, வேகம், தண்ணீரின் சூடு, இயந்திரம் ஸ்டார்ட் ஆகி எவ்வளவு நேரம், தாங்கியில் டீசல் நூற்றுக்கு எவ்வளவு.

அஞ்சு கேள்விக்குத்தான் பதில் சொல்லுது, சனூன் நானா, என்று அவள் கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னாள்.

"எனக்கிட்ட நிர்வாகசபை ஒரு கேள்விதான் கேட்டது. அதுக்குச் சொன்ன பதிலையும் எழுதேல்ல," என்றார் சனூன். பிறகு திரையை எட்டிப் பார்த்தார். நான்காவது வரியில் அவர் கண் நின்றது. "இது என்ன, ஸ்டார்ட் ஆகி எவ்வளவு நேரம் எண்டோ? நிண்டாலும் எண்ணுமோ?"

நின்றாலும் எண்ணும் என்றாள். இயந்திரம் சுற்றுகிற ஒவ்வொரு செக்கனையும் எண்ணும். வான் ஓடுகிறதா நிற்கிறதா என்பது அதற்குக் கவலையில்லை.  சனூன் சைக்கிளின் பிரேக்கை இறுக்கி இறுக்கி விட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறு வருசம் இது எனக்கு முன்னால எண்ணிக்கொண்டிருந்திருக்கு," என்றார். "ஆரும் கேக்கேல்ல."

ஆனால் எண்ணினதை அது வைத்திருப்பதில்லை என்றும் கிருசாந்தினி சொல்லவேண்டியிருந்தது. நிறுத்தினால் அழிந்துவிடும். லப்டொப்பும் பத்து அடிக்குள் இருக்கவேண்டும். விழாவுக்கு விழா அவள் வானோடு போகமுடியாது. காட்டுவதென்றால் அன்று, அந்த மண்டபத்தில், அந்த நேரத்தில் வான் என்ன செய்துகொண்டிருக்கிறதோ அதைத்தான் காட்டலாம். அன்று வானின் இயந்திரம் நின்றுபோயிருந்தால் திரையில் ஒன்றும் வராது. சனூன் தலையசைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். சந்தி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, முன் இடப்பக்கச் சில்லுக்குக் காற்றுக் குறைவு, இப்ப ஓட்டுற பிரதீபனிடம் சொல்லுங்கோ, செவ்வாய்க்கிழமை ஆக்கள் போறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிருசாந்தினி உள்ளே போய்த் தலைவரிடம் விடயத்தைச் சொல்ல முயன்றாள். அவர் வரவேற்புரையைக் கண்ணாடிக்கு முன்னால் பழகிக்கொண்டிருந்தார். இரண்டாவது வசனத்தில் கையை உயர்த்தினார். எல்லாவற்றையும் கூட்டத்தில், எல்லாருக்கும் முன்னால் காட்டும்படியும், தன்னிடம் ஒளிவுமறைவு கிடையாது என்றும் சொன்னார். அவள் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இரண்டரைக்கு. அதனால் மக்கள் மூன்றரைக்கு வந்தார்கள். பிரதம விருந்தினர் நான்கே முக்காலுக்கு வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கொழும்பில் எதற்கோ ஆலோசகர். கிருசாந்தினி மட்டும் இரண்டு மணிக்கே வந்து, வானை மண்டபத்தின் யன்னலோரம் ஒட்டி நிறுத்தச் சொன்னாள். யாகப்பரின் தங்கை மகன் பிரதீபன், முப்பத்தைந்து வயது, இடைக்காலச் சாரதி, மறுபேச்சில்லாமல் நிறுத்தினான். அவள் சோதித்துப் பார்த்தாள். ஐந்து எண்களும் வந்தன. டீசல் 34. அழைப்பிதழின் பின்பக்கத்தில் மணியையும் எண்ணையும் எழுதிவைத்தாள்.

பிரதீபன் இறங்கினான். இயந்திரத்தை நிறுத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு நடந்தான்.

அவள் கேட்டாள். உள்ளுக்க மாலை இருக்கு, வாடினால் மாமா என்னைத் தின்றுவிடுவார் என்றான். எட்டிப் பார்த்தாள். நோயாளர் இருக்கையில், அந்த அறிவித்தலுக்கு நேர்கீழே, வாழையிலையில் சுற்றிய ரோசாப்பூ மாலை ஒன்று குளிரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் பொன்னாடை.

நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைக்கு வேண்டிய டீசல் ஒரு மாலைக்காக எரிகிறது. அது எரியாவிட்டால் காட்ட ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அவளாலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மண்டபத்துக்கும் யன்னலுக்குமாக நடந்தாள். கதிரை அடுக்கினாள்; அடுக்கினதைக் குலைத்து மறுபடி அடுக்கினாள். யாராவது நல்ல மனிதர் போய் வானை நிறுத்திவிடுவாரோ என்று வாசலைப் பார்த்தாள். சங்கத்தில் அப்படியான ஆபத்து இருக்கவில்லை. மூன்று மணிக்கு முதல் கழுதை வந்தது. நான்கு மணிக்கு ஐந்து நின்றன.

சனூன் கடைசி வரிசையில் ஓரக் கதிரையில் இருந்தார். றஹீமா தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சேட். கால் மிதித்துக்கொண்டிருந்தது. அவருக்கு முன்வரிசையில் பேசாலை திரேசம்மா. கையில் ஊசி ஏறித் தடித்த நரம்போடு கிழமைக்கு இரண்டுதரம் அந்த வானில் வவுனியா போய்வருகிறவர். கூட்டத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்கு, நான் செவ்வாய்க்கிழமை உயிரோட இருக்கிறதோ இல்லையோ எண்டு இண்டைக்குத்தானே தீர்மானம் எடுக்கினம், அதை இருந்து பார்ப்பம் எண்டு வந்தனான் என்றார்.

பிரதம விருந்தினர் வந்தார். விளக்கேற்றினார்கள். ஆறு திரிக்கு ஒன்பது பேர் இருந்ததால் மூன்று பேர் எரிகிற திரியை அணைத்து மறுபடி ஏற்றினார்கள். யாகப்பர் கோட்டோடு எழுந்தார். நாற்பது நிமிடம் சிக்கனத்தைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு துளி எரிபொருளும் ஒரு நோயாளியின் ஒரு துளி இரத்தம் என்றார். அது நல்ல வசனம்தான், உண்மையும்கூட. நம்பிக்கைத் துரோகம் என்ற சொல்லை நான்கு முறை சொன்னார். நான்கு முறையும் கடைசி வரிசையைப் பார்த்தார். விஞ்ஞானத்தின் முன் எந்தக் கள்ளனும் தப்பமுடியாது, இனித் திரையைப் பாருங்கள் என்று கையை விரித்தார்.

திரையில், இணைக்க முடியவில்லை என்று வந்தது.

கிருசாந்தினி மறுபடி ஓட்டினாள். முடியவில்லை. மூன்றாம் தரமும் முடியவில்லை. செயற்கைக்கோள் கொஞ்சம் பலவீனமாக இருப்பதாகத் தலைவர் பிரதம விருந்தினருக்கு விளக்கினார். கொழும்பு ஆலோசகர் அதை ஏற்றுக்கொண்டார். புரொஜெக்டரை மேடைக்கு நடுவில் வைக்கவேண்டும் என்று தலைவர் பிடிவாதம் பிடித்ததில், லப்டொப் யன்னலிலிருந்து முப்பது அடி தள்ளிப் போயிருந்தது. அவள் மேசையை யன்னலுக்கு நகர்த்தவேண்டும் என்றாள். நான்கு நிர்வாகசபை உறுப்பினர்கள், மேசைக்கு ஒரு காலாக, புரொஜெக்டரோடும் வயரோடும் மேசையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் குறுக்கே ஊர்ந்தார்கள். சங்கத்தின் வரலாற்றில் அவர்கள் சேர்ந்து சுமந்த முதல் பாரம். யன்னலில் ஒரு கழுதை தலையை நீட்டி அதைப் பார்த்தது.

நான்காம் தரம் இணைந்தது. ஐந்து வரிகள் வெள்ளைத் திரையில் பெரிதாக விழுந்தன.

இயந்திரச் சுற்று 870. வேகம் 0. தண்ணீர்ச் சூடு 88. இயந்திரம் ஓடிய நேரம் 3 மணி 37 நிமிடம் 12 செக்கன். டீசல் 28.

கைதட்டினார்கள். யாகப்பர் ஒரு கம்பை எடுத்து ஒவ்வொரு வரியாக விளக்கத் தொடங்கினார். வேகம் சைபர், அதாவது வாகனம் ஒழுங்காக நிற்கிறது. எண்பத்தெட்டு, அது இன்றைய மன்னார் வெயில். எண்ணூற்று எழுபது வந்து, அது தொழில்நுட்பம், பொதுமக்களுக்குத் தேவையில்லை. நான்காவது வரிக்கு வந்தார். பன்னிரண்டு இப்போது ஐம்பத்தொன்று ஆகியிருந்தது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்துமூன்று. கம்பு அந்தரத்தில் நின்றது.

"யாகப்பர்," என்றார் திரேசம்மா, இருந்த இடத்திலேயே. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். சமாதான நீதவான் பட்டம் அவரிடம் செல்லாது. "வேகம் சைபர் எண்டா, அந்த நாலாவது வரி ஏன் கூடிக்கொண்டு போகுது?"

யாகப்பர் செயலாளரைப் பார்த்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது சேர், இரண்டு மணியிலிருந்து என்றாள் கிருசாந்தினி. நோயாளி யாராவது உள்ளே இருக்கிறாரா என்று திரேசம்மா கேட்டார். எல்லோரும் பிரதீபனைப் பார்த்தார்கள். அவன் சுவரைப் பார்த்தான்; சுவர் உதவவில்லை.

"மாலை," என்றான்.

"ஆருடைய மாலை?"

"பிரதம விருந்தினரின்ர மாலை. வாடிப்போடும் எண்டு."

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். கிருசாந்தினி அழைப்பிதழைத் திருப்பி, எழுதிவைத்ததை வாசித்தாள். இரண்டு மணிக்கு டீசல் முப்பத்துநாலு. இப்போது இருபத்தெட்டு. வான் ஓர் அங்குலம் நகரவில்லை. சனூன் நானா இரண்டு கிழமையாக இந்த வானைத் தொடவில்லை.  

யாகப்பர் நிமிர்ந்தார். நிற்கிற வாகனம் என்று தொடங்கினார். திரையில் மூன்று மணி முப்பத்தொன்பது நிமிடம் ஆகியது. அவர் பாதையை மாற்றினார். இது கனடாவில் செய்த கருவி என்றும், குளிர்நாட்டுக் கணக்கு வெப்பநாட்டுக்குப் பொருந்துமா என்பதை ஆராய ஓர் உபகுழு அமைக்கலாம் என்றும் சொன்னார்.

சனூன் எழுந்தார்.

ஏதோ பேசப்போகிறார் என்று முன்வரிசைகள் திரும்பின. அவர் பக்கவாசலால் வெளியே போனார். யன்னலில் அவர் தலை தெரிந்தது. கழுதைகள் முணுமுணுப்பில்லாமல் வழிவிட்டன. வானின் கதவு திறந்தது.

அதுவரை மின்விசிறியின் சத்தம் என்று எல்லோரும் நினைத்திருந்த ஓர் இரைச்சல் நின்றது. இவ்வளவு நேரமும் அது இருந்தது அது இல்லாதபோதுதான் தெரிந்தது. திரையில் எண்ணூற்று எழுபது நானூறாகி, நூறாகி, பிறகு ஐந்து வரியிலும் எண்கள் இருந்த இடத்தில் வெறும் கோடுகள் விழுந்தன. கிருசாந்தினி தன்னையறியாமல் கதிரையில் அமர்ந்தாள். இரண்டு மணிக்குப் பிறகு அவள் அமர்ந்தது அப்போதுதான்.

சனூன் ஒரு கையில் வாழையிலைப் பொட்டலமும் மறு கையில் திறப்புமாக வந்தார். பொட்டலத்தை மேசையில் தலைவருக்கு முன்னால் வைத்தார். தலைவர் திறப்புக்காகக் கையை நீட்டினார், பழக்கம்தான். நீட்டிய கையைச் சனூன் பார்த்தார். திறப்பைக் கொடுக்கவில்லை.

"ஒண்டு எழுதித் தாங்கோ தலைவர். களவெடுக்கேல்ல எண்டு."

மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருந்தால் யாகப்பர் இரவு முழுவதும் வாதாடியிருப்பார். எழுத்து என்றதும் அவருக்குள் இருந்த உதவிப் பணிப்பாளர் விழித்துக்கொண்டார். மண்டபத்தை ஒருமுறை பார்த்தார். கொழும்பு ஆலோசகர் கடிகாரத்தைப் பார்ப்பதையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். கம்பியில்லா வாகனக் கண்காணிப்புத் திட்டத்தின் முதலாவது மகத்தான வெற்றியாக, தலைவரின் தொழில்நுட்ப முயற்சியினால், உண்மை வெளிப்படுத்தப்பட்டது என்று எழுதும்படி செயலாளருக்குச் சொன்னார். பதினாறு தலைகள் ஆடின. கண்காட்சி முழுவதும் இதற்காகவே ஒழுங்கு செய்யப்பட்டது என்று அவற்றில் பாதி அப்போதே நம்பத் தொடங்கியிருந்தன.

கிருசாந்தினி எழுதினாள். அதற்கு முன்னால் இன்னொரு வசனம் எழுதினாள்: சாரதி சனூன் டீசல் களவெடுக்கவில்லை. உரத்து இரண்டையும் வாசித்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரு கையொப்பம் என்று கூட்டறிக்கைக் கொப்பியை நீட்டினாள். யாகப்பர் இரண்டாவது வசனத்தை இரண்டுதரம் வாசித்து ரசித்தார். முதலாவதைத் தவிர்த்து அதற்குக் கீழே கையொப்பம் வைக்க வழி இருக்கவில்லை. வைத்தார். பட்டங்கள் நான்கையும் போட்டார். சனூன் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, வரியைத் தானும் ஒருமுறை வாசித்தார். கைபேசியில் படம் எடுத்தார். வீட்டுக்காரிக்கு என்று மட்டும் சொன்னார்.

பிரதம விருந்தினருக்கு மாலை விழுந்தது. மூன்றரை மணித்தியாலக் குளிரும், பிறகு கால் மணித்தியால மண்டப வெக்கையும் பட்டதில் ரோசாப்பூக்கள் கறுத்துப்போயிருந்தன. அவர் கொழும்பு போகும் அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை.

சனம் கலைந்தது. திரேசம்மா பேசாலை பஸ்ஸுக்குப் போகும் வழியில் நின்று, செவ்வாய் அஞ்சரைக்குப் படலையில நிப்பன், சுணங்காதை என்று சனூனிடம் சொல்லிவிட்டு நடந்தார். கிருசாந்தினி ரன்னிங் சாட்டை எடுத்து, டீசலுக்கும் கையொப்பத்துக்கும் இடையில் ரூலரால் ஒரு கோடு இழுத்து, மேலே 'நின்ற நேரம்' என்று எழுதிக் கொடுத்தாள். சனூன் சாரதி இருக்கையில் ஏறினார். முன் இடப்பக்கச் சில்லைப் பார்க்க மறுபடி இறங்கினார். காற்று இன்னும் அடிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு ஏறினார்.

யாகப்பர் வந்தார். வானின் முன்கதவு திறந்திருந்தது, உள்ளே அனல். அவர் வாசலில் நின்றபடி, அப்போதுதான் நினைவுக்கு வந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, கட்டம் 2 பற்றிப் பேசத் தொடங்கினார். கோட்டின் முதுகில் ஈரம் படமாகப் பரவியது. கழுதைகள் வானின் அடியில் காய்ந்துபோன நிலத்தை முகர்ந்துவிட்டு ஒவ்வொன்றாகப் போயின. பேச்சு ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. ஏசி எங்கே என்று அவர் பேச்சுக்கு நடுவில் வானைப் பார்த்துச் சைகை செய்தார்.

சனூன் ஸ்டார்ட் பண்ணவில்லை. எட்டி அந்தப் பக்கக் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டார். காற்றோடு மணலும் கொஞ்சம் உள்ளே வந்தது.

"ஸ்டார்ட் பண்ணட்டோ தலைவர்?" என்று மரியாதையாகக் கேட்டார். கொப்பியை மடியில் விரித்து, பேனையைக் கழற்றியிருந்தார். "பண்ணினா நிண்ட நேரம் எழுதவேணும். நீங்கள்தான் கையொப்பம் வைக்கோணும்."

யாகப்பர் அவரைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். கட்டம் 2 பாதியில் நின்றது. கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்.